தளபதி என்ன சொன்னார்?

அந்தக் காலத்தில் கண்டிக்குப் பக்கத்துக் கட்டுகஸ்தோட்டையில், எங்கள் ஒழுங்கையில் இருந்த எல்லா வீடுகளுக்கும் ஒரே ஒரு தொலைக்காட்சிதான் இருந்தது. முனாப் மாமாவின் வீட்டு ஹோலில், அலுமாரிக்குப் பக்கத்தில் அதற்கு ராஜ மரியாதையோடு ஓர் இடம். வியாழக்கிழமை பின்னேரம் ஆனால் போதும், பிள்ளைகள் எல்லோரும் கைகால் கழுவிக்கொண்டு அங்கே ஓடுவோம். பெரியவர்களுக்குக் கதிரை, எங்களுக்குப் பாய். இன்றைக்குச் சோபாவில் காலை நீட்டிக்கொண்டு எதைப் பார்த்தாலும், அந்தப் பாயில் இடம் பிடித்த சந்தோஷம் எனக்கு வருவதில்லை.

வியாழக்கிழமைகளில் ஒரு விண்வெளித் தொடர் போகும். அதன் ஆங்கிலப் பெயர் எங்கள் வாயில் நுழையவில்லை. நாங்களே ‘தண்ணிக் கப்பல்’ என்று பெயர் வைத்துவிட்டோம்.

கதை இதுதான். தூரத்தில் ஒரு நிலவு. அங்கே மக்கள் தாகத்தில் வாடுகிறார்கள். அரசரின் படையில் இருந்த கெலன் என்பவன், தண்ணீர் ஏற்றிய விண்கப்பலோடு அந்த நிலவுக்கு ஓடிவிடுகிறான். அவனைப் பிடிக்க அவனுடைய பழைய கூட்டாளியான தளபதி துரத்திக்கொண்டு வருகிறார்.

அவர்கள் பேசுவது ஆங்கிலம். படத்தின் அடியில் ஓடுவது சிங்கள எழுத்து. பாயில் இருந்த எங்களுக்குக் கடையில் சாமான் வாங்குகிற அளவுக்குத்தான் சிங்களம் தெரியும். வாசிக்கத் தெரியாது.

ஆனால் றலியாவுக்குத் தெரியும். அவள் முனாப் மாமாவின் மகள், வயது பத்து. பக்கத்து வீட்டுச் சிங்களப் பெண்ணான குசும் அக்காவிடம் சிங்களச் சித்திரக்கதைப் பத்திரிகைகளை இரவல் வாங்கி வாங்கியே வாசிக்கப் பழகியவள். தொலைக்காட்சிக்குப் பக்கத்தில் ஒரு முக்காலியில் இருந்துகொண்டு, எழுத்து வர வர எங்களுக்குத் தமிழில் சொல்வாள்.

“‘பயப்படாதீங்க, தண்ணி வருது’ எண்டு கெலன் சொல்றான்!”

நாங்கள் கைதட்டுவோம்.

கெலன் சுருக்கமாகப் பேசுவான். தளபதி வாயைத் திறந்தால் மூடமாட்டார். இரண்டு வரி எழுத்து வரும், மறையும், உடனே இன்னும் இரண்டு வரி வரும். றலியா முதல் சொல்லை வாசிப்பதற்குள் மீதி ஓடிப்போய்விடும்.

“தளபதி என்ன சொல்றாரு?” என்று நாங்கள் கேட்போம்.

“அவர்… அவர் ஏசுறார்,” என்பாள் றலியா.

இப்படியே வாரா வாரம் தளபதி ஏசிக்கொண்டிருந்தார். எங்களுக்கு அவரைப் பிடிக்காமல் போனதில் ஆச்சரியம் இல்லை. எல்லோரும் கெலன் பக்கம் சேர்ந்துவிட்டோம், ஒருவனைத் தவிர. அவன் றலியாவின் அண்ணன் தாஸிம். அவள் அவனை நானா என்றுதான் கூப்பிடுவாள்.

“கெலன் துரோகி,” என்றான் தாஸிம் ஒரு நாள். “படையில சத்தியம் பண்ணிட்டுக் கப்பலத் தூக்கிட்டுப் போறது சரியா?”

அவனுடைய உயிர்க் கூட்டாளி இராமையாவுக்குக் கோபம் வந்துவிட்டது. “தாகத்துல சாகிறவங்களுக்குத் தண்ணி குடுக்கிறவரு துரோகியா? எங்கம்மா வாளியத் தூக்கிக்கிட்டுப் பைப்படில எவ்வளவு நேரம் நிக்கிறாங்கன்னு வந்து பாரு! கெலன் வீரன்டா!”

“தளபதிட மொகத்தப் பாத்தியா? கண் கலங்கிப் போச்சு. ஏசுறவர் அழுவாரா?”

“அழுதாராம்! இவன் ராஜாவோட ஆளுடா!”

நாங்கள் எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தோம். “ராஜாவோட ஆளு! ராஜாவோட ஆளு!” என்று பாயே அதிரக் கத்தினோம்.

முனாப் மாமா எழுந்து போய் ஜன்னலைச் சாத்தினார். “வீரன், துரோகி எண்டு றோட்டுக்குக் கேக்கச் சத்தம் போட வேணாம் புள்ளைகள். காலம் சரியில்ல,” என்றார். நாட்டில் சண்டை நடந்துகொண்டிருந்த காலம் அது. அவர் முகம் ஏன் அப்படி வாடிப்போனது என்று அன்றைக்கு எங்களுக்கு விளங்கவில்லை.

அதற்குப் பிறகு தாஸிம் படம் பார்க்க வரவில்லை. சொந்த வீட்டிலேயே, வியாழக்கிழமைகளில் குசினிக்குள் அடுப்படியில் போய் இருந்துகொண்டான். பள்ளிக்கு பஸ் ஏறும்போதும் அவன் முன்கதவு, இராமையா பின்கதவு. கிரிக்கெட் மட்டை இராமையாவிடம் இருந்தது, பந்து தாஸிமிடம் இருந்தது. ஆகவே ஒழுங்கையில் விளையாட்டும் நின்றுபோனது.

றலியாவுக்கு இதெல்லாம் தாங்க முடியவில்லை. அடுத்த வியாழன் தொடரின் கடைசிப் பகுதி. நானா இல்லாமல் அதைப் பார்ப்பதா?

வாசித்து முடித்த பத்திரிகையைத் திருப்பிக் கொடுக்க அவள் குசும் அக்காவின் வீட்டுக்குப் போனாள். குசும் அக்காவும் எங்களோடு கதிரையில் இருந்து படம் பார்ப்பவள்தான். சந்தையில் பழகிய தமிழில், தங்கச்சி என்பதற்கு மட்டும் சிங்களத்து ‘நங்கி’யை வைத்து, அவள் கேட்டாள்: “ஏன் நங்கி, தளபதி அழுற நேரம் உங்க புள்ளைகள் எல்லாம் சிரிக்கிற?”

“அப்ப அவர் மெய்யாவே அழுதாரா? என்ன சொன்னார்?”

“அந்தத் தண்ணி ஆஸ்பத்திரிக்குப் போற தண்ணி. அங்க அவர் தங்கச்சி நோயில இருக்கிற. கெலன் அவர் கூட்டாளி. சுடவும் ஏலாது, விடவும் ஏலாது. அப்படித்தானே சொன்ன.”

றலியாவின் முகம் சிவந்துவிட்டது. அவள் வீட்டுக்கு ஓடினாள்.

“நானா! நீங்க சொன்னதுதான் சரி. தளபதி ஏசல்ல. எனக்குத்தான் வாசிக்க ஏலாமப் போச்சு.”

தாஸிம் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. “எனக்கிட்ட சொல்லி என்ன? சிரிச்சது அவங்க.”

அது நியாயம்தான் என்று றலியாவுக்குப் பட்டது.

கடைசி வியாழக்கிழமை வந்தது. நாங்கள் போனபோது தொலைக்காட்சியின் இரண்டு பக்கமும் இரண்டு முக்காலிகள் இருந்தன. ஒன்றில் குசும் அக்கா வெட்கத்தோடு இருந்தாள். றலியா எங்கள் முன்னால் வந்து நின்றாள்.

“தளபதி ஏசுறார் எண்டு சொன்னேன்தானே? அவர் நீளமாப் பேசினா எனக்கு வாசிச்சு முடிக்க ஏலாது. அதான் அப்பிடிச் சொன்னேன்,” என்று தொடங்கி, தளபதி சொன்னதை எல்லாம் சொன்னாள். “நானா சரியாத்தான் பாத்திருக்கார்.”

“அப்ப அவரு ஏசவே இல்லையா?” என்று கேட்டான் இராமையா.

“ஒரே ஒரு நாள் ஏசினார்.”

யாரோ களுக்கென்று சிரித்தார்கள். இராமையா சிரிக்கவில்லை. குசினி வாசலில் தாஸிம் வந்து நிற்பதை அவன் கண்டுவிட்டான். பாயில் நகர்ந்து இடம் விட்டான். “இங்க வா. அங்கேருந்து ஒண்ணும் தெரியாது.”

தாஸிம் வந்து உட்கார்ந்தான்.

அன்றைக்குக் கெலன் பேசியதை றலியா சொன்னாள். தளபதி பேசியதைக் குசும் அக்கா சொன்னாள். தளபதியின் துப்பாக்கி கெலனின் நெஞ்சுக்கு நேராக இருந்தது.

“நீ நல்ல மனுசன், கெலன்,” என்றாள் குசும் அக்கா. “அதுதான் எனக்கு இந்த வேலை செய்ய ஏலாம இருக்கிற.”

அந்தத் தமிழைக் கேட்டு முதலில் இரண்டு பேருக்குச் சிரிப்பு வந்தது. பிறகு யாருக்கும் வரவில்லை.

“பாதித் தண்ணிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்க,” என்றாள் றலியா.

தளபதி துப்பாக்கியைக் கீழே போட்டார். உடனே அரசரின் வீரர்கள் வந்து அவரைத் துரோகி என்று சொல்லிக் கட்டிக்கொண்டு போனார்கள். படம் முடிந்தது.

“அப்ப தளபதியும் துரோகியா?” என்று ஒரு சின்னப்பிள்ளை கேட்டது. முனாப் மாமா எழுந்து போய்த் தொலைக்காட்சியை நிறுத்தினார்.

மறுநாள் காலை தாஸிமும் இராமையாவும் ஒரே கதவால் பஸ் ஏறினார்கள். ஏறிய கையோடு சண்டை தொடங்கிவிட்டது.

“சுடாம விட்டாரே, தளபதிதாண்டா வீரன்!” என்றான் இராமையா.

“போடா! தாகத்துல இருந்தவங்களுக்கு மொதல்ல தண்ணி கொண்டு போனது ஆரு? கெலன்தான் வீரன்!” என்றான் தாஸிம்.

இரண்டு பேரும் பின்சீட்டில் இருந்த றலியாவைத் திரும்பிப் பார்த்தார்கள். “நீ சொல்லு றலியா, ஆரு சரி?”

“எனக்கு வாசிச்சுச் சொல்ல மட்டும்தான் தெரியும்,” என்றாள் றலியா.

கண்டியில் இறங்கும்வரை அவர்கள் விடவில்லை. இறங்கிய பிறகும், ஒருவர் தோளில் மற்றவர் கை போட்டபடி, சண்டை பிடித்துக்கொண்டே நடந்தார்கள்.