குளிரறை மூன்றில் ஒரு சர்வீஸ் போர்ட்!

ட்ரிங்... ட்ரிங்...

மைனஸ் இருபத்தைந்து டிகிரியில் அந்தத் தொலைபேசி அலறியது!

ஐரீன் திடுக்கிட்டுத் திரும்பினாள்.

ஒரு நிமிடத்துக்கு முன்புதான் அவளுக்குப் பின்னால் கதவு மூடிக்கொண்டது. தள்ளிப் பார்த்தாள். உதைத்தும் பார்த்தாள். உள்ளிருந்து திறக்க உதவும் அவசரக் குமிழைத் தேடினாள். குமிழ் இருந்த இடத்தில் நான்கு திருகாணித் துளைகள் மட்டுமே இருந்தன.

சுவரில் தொங்கிய உள்தொலைபேசியை எடுத்தாள்.

"ஐரீன் அக்கா... குளிருதா?"

டெரிக்! ஜார்ஜ் டவுன் துறைமுகத்தை ஒட்டிய அந்த இறால் கிடங்கின் பராமரிப்பு மேலாளன். கட்டுப்பாட்டு அறையிலிருந்து பேசினான்.

"டெரிக், கதவு லாக் ஆயிருச்சு. சீக்கிரம் திறங்க!"

"திறக்கிறதுக்கா லாக் பண்ணேன்?"

ஐரீனின் முதுகுத்தண்டில் இப்போது ஓடியது வேறு குளிர்.

சென்ற வாரம் இதே அறையில்தான் டெக்னீஷியன் பாக்கியநாதன் விறைத்துக் கிடந்தார். விபத்து என்று முடிவு கட்டினார்கள். கதவுகளை இயக்கும் சாதனங்களை அமைத்துக் கொடுத்த ஐரீன் மட்டும் அதை நம்பவில்லை. பூட்டச் சொன்ன கட்டளை எந்தக் கணினியிலிருந்து வந்தது என்பது அவற்றின் மாடியூலில் பதிவாகியிருக்கும். நாளைக் காலையில் வந்து எடுத்துக்கொள்கிறேன் என்று நேற்றே சொல்லிவிட்டாள்.

டெரிக்கிடம்!

கொலைகாரனிடமே நேரம் குறித்துக் கொடுத்திருக்கிறாள்.

"பாக்கியநாதன் உனக்கு என்னடா பண்ணாரு?"

"கெட்டுப்போன இறாலுக்கு நல்ல டெம்பரேச்சர் ரெக்கார்ட் போட்டேன். பாத்துட்டாரு. விட்டுருங்க அண்ணேன்னு கெஞ்சினேன்லா. கேக்கல."

"வேலையாளுங்க வருவாங்க!"

"எல்லாரையும் பத்து காவான் ஊர்க் கிடங்குக்கு அனுப்பிட்டேன். மத்தியானம்தான் வருவாங்க. இப்ப மணி பத்தரை. உங்களுக்கு அவ்வளவு நேரம் தாங்காது அக்கா."

கைப்பேசியைப் பார்த்தாள். இரும்புச் சுவர்களைத் தாண்டி ஒரு கோடு சிக்னல்கூட வரவில்லை. விரல் நுனிகள் மரத்துக்கொண்டிருந்தன. அரைமணி நேரம்... மிஞ்சினால் முக்கால் மணி!

தொலைபேசியைத் தோளில் இடுக்கிக்கொண்டு, மூலையில் இருந்த பெட்டியைத் திறந்தாள். உள்ளே இதமான சூடு. கிடங்கின் எல்லாக் கதவுகளையும் இயக்கும் ஈதர்நெட் மாடியூல் பச்சை விளக்குகளுடன் கண் சிமிட்டியது.

அதில் இரண்டே போர்ட்டுகள். கட்டுப்பாட்டு அறைக்குப் போகும் மெயின் போர்ட் ஒன்று. பழுது பார்க்க வருகிறவரின் மடிக்கணினிக்கென்றே சர்வீஸ் போர்ட் மற்றொன்று.

"பெட்டி திறக்கிற சத்தம் கேக்குதே! மெயின் கேபிளப் பிடுங்கிப் பாருங்களேன். கடைசியா வந்த ஆர்டர்லயே கதவு நிக்கும். நீங்கதானே அக்கா அப்படிச் செட் பண்ணீங்க?"

உண்மை. அவளே பூட்டிய பூட்டு!

"சர்வீஸ் போர்ட் இருக்கு டெரிக்."

"இருக்கு, இருக்கு! அந்த போர்ட்டுக்கு நீங்க வச்ச பழைய நம்பர் வேலைக்கு ஆகாது. காலையில நீங்க வர்றதுக்கு முன்னாடியே மாத்திட்டேன். நம்பர், பாஸ்வர்ட், ரெக்கார்ட் அழிக்கிறது... எல்லாம் ஒரே தடவையில!"

பையிலிருந்து எடுத்த மடிக்கணினியை ஐரீன் ஓர் இறால் பெட்டியின் மேல் வைத்தாள்.

முடிந்தது.

மூச்சு வெண்புகையாய் வெளியேறியது. இறால் பெட்டிகள் சவப்பெட்டிகளைப் போல் அடுக்கடுக்காக நின்றன.

"என்ன நம்பர் போட்ட?"

"வேற என்ன? என் காடி நம்பர்தான்! எண்பத்தெட்டு!"

அந்தக் கிடங்கில் அது ஊறிப்போன வழக்கம். தம் வண்டி எண்ணையே கணினியின் நான்கு எண் நெட்வொர்க் முகவரிக்கும் கடைசி எண்ணாக வைப்பார்கள். டெரிக் ஒருபடி மேலே. சாப்பாட்டுப் பாத்திரத்தில்கூட எண்பத்தெட்டுதான்!

ஐரீன் நிமிர்ந்தாள்.

"கடைசி எண் அது. முன்னாடி இருக்கிற மூணு எண்?"

"மெயின் போர்ட்ல இருக்கிற அதே மூணுதான். புதுசா யோசிக்கிறது கஷ்டம், ரொம்ப சூசாலா!"

"ஓகே அழுத்தினப்ப திரையில மஞ்சள் பெட்டி ஒண்ணு வந்துச்சா?"

"வந்துச்சு. அதையெல்லாம் யாரு படிக்கிறா? மறுபடியும் ஓகே அழுத்தினேன். மூடிக்கிச்சு."

ஐரீன் சிரித்தாள். பற்கள் தந்தியடிக்க, அந்தக் குளிரிலும் சிரித்தாள்!

"என்னக்கா, பைத்தியம் பிடிச்சிருச்சா?"

சர்வீஸ் போர்ட்டில் கேபிளைச் செருகினாள். மரத்த விரல்களால் தன் பழைய எண்ணைத் தட்டினாள். பழைய பாஸ்வர்ட்டையும் தட்டினாள்.

ஒரு விநாடி...

இரண்டு...

திரை திறந்தது!

முதலில் கட்டுப்பாட்டு அறைக் கதவு: பூட்டு.

பிறகு குளிரறை மூன்று: திற.

அடுத்த நொடியே மெயின் கேபிளைப் பிடுங்கி எறிந்தாள். இனி டெரிக்கின் எந்தக் கட்டளையும் மாடியூலை எட்டாது.

க்ளிக்!

வெளியே பினாங்கு வெயில் அவளைக் கட்டித் தழுவிக்கொண்டது.

இன்ஸ்பெக்டர் சுகுமாரன் வந்து சேரும்வரை கட்டுப்பாட்டு அறைக் கதவை டெரிக் உள்ளிருந்து இடித்துக்கொண்டே இருந்தான். ஐரீன் கதவைத் திறந்துவிட்டதும், கைவிலங்கோடுதான் வெளியே வந்தான்.

"எனக்கு எதிரா என்ன ஆதாரம் இருக்கு? ரெக்கார்டெல்லாம் அழிச்சாச்சு!"

"அழியல தம்பி," என்றாள் ஐரீன். "ரெண்டு போர்ட்டுக்கும் முதல் மூணு எண் ஒண்ணா இருக்கக் கூடாது. இருந்தா மாடியூல் ஏத்துக்காது. மஞ்சள் பெட்டி அதைத்தான் சொல்லிச்சு. நீங்க ஒரே மூட்டையா அனுப்பினதுல ஒண்ணு தப்பு. மொத்த மூட்டையும் தள்ளுபடி. என் நம்பர், என் பாஸ்வர்ட், பாக்கியநாதன் செத்த அன்னிக்கு வந்த ஆர்டர்... எல்லாம் வச்சது வச்ச இடத்துல இருக்கு."

மடிக்கணினியை இன்ஸ்பெக்டர் பக்கம் திருப்பினாள்.

கதவைப் பூட்டிய கணினி: கடைசி எண், எண்பத்தெட்டு!

டெரிக்கின் முகம் இறாலை விட வெளுத்தது.

ஜீப்பில் ஏறப் போனவனை ஐரீன் நிறுத்தினாள்.

"கவலப்படாதீங்க தம்பி. ஜெயில்லயும் நம்பர் குடுப்பாங்க. எண்பத்தெட்டு காலியான்னு கேட்டுப் பாருங்க... ஆனா கையெழுத்துப் போடுறதுக்கு முன்னாடி, ஒரு தடவ படிச்சிருங்க!"