மியூசிக் போட்ட மரணம்

டம்! டம்! டம்!

மருந்துக்கடை முதலாளி மறுபடியும் செத்தார்.

காலையிலிருந்து ஸ்டேஷன் டிவியில் அவர் செத்துக்கொண்டேதான் இருக்கிறார். கடை மாடியில் ஸ்டோர் ரூம். செங்குத்தான மரப்படி. பெரிய அட்டைப்பெட்டியின் ஒரு முனையைக் கட்டிப் பிடித்தபடி, முதுகுப்பக்கமாகப் படியில் இறங்குகிறார். மறுமுனை மேலே நிற்கும் மாப்பிள்ளையின் கையில். மாப்பிள்ளையின் முதுகு மட்டும்தான் கடையின் கண்காணிப்புக் கேமராவில் தெரிகிறது. திடீரென்று அவன் வலது கை முன்னால் நீள்கிறது...

டம்ம்ம்!

முதலாளி உருண்டார். திரை ரத்தச் சிவப்பாக மாறியது. 'மாமனாரைத் தள்ளினாரா மாப்பிள்ளை?' என்று எழுத்து துடித்தது. கேள்விக்குறி போட்டுவிட்டால் எவனும் கேஸ் போட முடியாதென்று எந்த வக்கீலோ சொல்லிக் கொடுத்திருக்கிறான்!

"அந்தக் கருமத்தை அணைச்சுத் தொலைய்யா!" இன்ஸ்பெக்டர் கத்தினார்.

"இப்பத்தான் சார் ஸ்லோமோஷன் வருது..." ஏட்டு இழுத்தார்.

"செத்தவன் ஒரு தடவைதான்யா செத்தான்! நீ எத்தனை தடவை பாப்ப?"

ஃபோன் அலறியது. மேலதிகாரி.

"என்னய்யா, மாப்பிள்ளை மேல இன்னும் கொலைக்கேஸ் போடலையாமே?"

"படி ஒண்ணு பேந்து கெடக்கு சார். மாமனார் கால் வெச்சதும் அது கழண்டிருக்கலாம். விழுறவரைப் பிடிக்கக் கையை நீட்டியிருக்கலாம்ல?"

"தள்ளினதை நானே பாத்தேன்யா! என் சம்சாரமும் பாத்தா. பாத்துட்டு நடுங்கிட்டா!"

"மியூசிக்குக்கு நடுங்கியிருப்பாங்க சார்."

எதிர்முனையில் ஃபோன் படாரென்று வைக்கப்பட்டது.

இன்ஸ்பெக்டர் யாரையும் லேசில் நம்புகிற ஆள் இல்லை. சொந்த நிழல் பின்னால் வந்தாலும் நின்று, 'எங்கேய்யா வர்ற?' என்று கேட்கிற ரகம். லாக்கப்பில் கிடக்கும் மாப்பிள்ளையையும் நம்பவில்லை. டிவியை அதைவிட நம்பவில்லை.

சாட்சி என்று எதிர்க்கடைத் தையல்காரர் வந்து நின்றார்.

"என்னய்யா தெரியும் உனக்கு?"

"அவன்தான் தள்ளினான் சார். அப்ப சத்தம் கேட்டுச்சு."

"என்ன சத்தம்?"

"டம் டம் டம்னு சார்."

"உன் கடையிலேருந்தா கேட்ட?"

தையல்காரர் தலையைச் சொறிந்தார். "கடையிலதான் சார்... டிவி பாத்துட்டிருந்தேன்."

"வெளிய போய்யா!"

அவர் போன வழியில் முதலாளியின் மகள் வந்தாள். மாப்பிள்ளையின் மனைவி. அழுது வீங்கிய முகம்.

"சார், ஊரே எங்க வீட்டு மேல கல்லெறியுது. அவரு எங்கப்பாவைத் தாங்கிப் பிடிக்கத்தான் சார் போனாரு!"

"உங்கப்பா இந்த வயசுல இன்னொரு கல்யாணம் பண்ணிக்க நெனச்சாராமே? உனக்குப் பிடிக்கலையாம். டிவியில சொல்றான்."

"பொண்ணு பாத்ததே நானும் அவரும்தான் சார்! வேணா அந்த அம்மாவையே கேளுங்க." விசும்பினாள். "ஒரே ஒரு தடவை... சத்தத்தை நிறுத்திட்டு அந்த வீடியோவைப் பாருங்க சார். உங்க கால்ல வேணா விழறேன்."

இன்ஸ்பெக்டர் ரிமோட்டை எடுத்தார். சத்தம் போனது.

பெட்டி. படி. நீளும் கை...

இன்ஸ்பெக்டர் நிமிர்ந்தார்.

அந்தக் கை உள்ளங்கையை மேலே காட்டியபடி நீண்டது! விரல்கள் எதையோ பற்றத் துடித்தன. தள்ளுகிறவன் கை அப்படியா இருக்கும்?

"ஏட்டு! டிவியே பாக்காத ஆளு யாராவது இருக்கானா இங்க?"

"லாக்கப்புல ரெண்டு பேரு சார். ஒரு பிக்பாக்கெட், ஒரு சீட்டாட்டக்காரன். ஒரு வாரமா நம்ம விருந்தாளிங்க."

பிக்பாக்கெட்டை மட்டும் முதலில் உட்கார வைத்து, டம் டம்மோடு போட்டுக் காட்டினார்.

"அய்யோ, தள்ளிட்டான் சார்! படுபாவி! மூஞ்சியைப் பாத்தாலே தெரியுது!"

"மூஞ்சி எங்கடா தெரியுது? முதுகுதானே தெரியுது?"

"முதுகைப் பாத்தாலே தெரியுது சார்!"

அவனை அனுப்பிவிட்டுச் சீட்டாட்டக்காரனைக் கூப்பிட்டார். இப்போது டிவியில் சத்தம் இல்லை. ஏட்டின் செல்போனில் உருக்கமாக ஒரு புல்லாங்குழல்.

சீட்டாட்டக்காரன் கண்ணைத் துடைத்துக்கொண்டான். "பாவம் சார் அந்தப் பையன்... பெரியவரைப் பிடிக்க எப்படிப் பதறுறான் பாருங்க. பெத்த புள்ளைகூட இப்படிப் பதற மாட்டான்."

இருவரையும் ஒரே அறையில் விட்டதுதான் தப்பு. 'தள்ளினான்', 'பிடிச்சான்' என்று சட்டையைப் பிடித்துக்கொண்டார்கள். ஏட்டு நடுவில் புகுந்து பட்டனை இழந்தார்.

"ரெண்டு பேரும் பாத்தது ஒரே படம்யா!" இன்ஸ்பெக்டர் மேஜையைக் குத்தினார். "எவனுமே கண்ணால பாக்கல. காதாலதான் பாத்திருக்கான்! ஒரு தகர டப்பாவைத் தட்டி ஒருத்தனைத் தூக்குல ஏத்திடுவானுங்க போலிருக்கே!"

கோபம் தலைக்கு ஏறியது. மேலதிகாரியை அவரே கூப்பிட்டார்.

"மாப்பிள்ளையை வெளிய விடறேன் சார்."

"வெளையாடுறியா? வாசல்ல கூட்டத்தைப் பாத்தியா?"

"பாத்தேன். அவன் கொலைகாரனா இருந்தா என் தொப்பியைக் கழட்டி உங்க மேஜையில வெச்சிட்டு வீட்டுக்குப் போயிடறேன் சார்!"

"எழுதிக் குடுப்பியா?"

"கல்வெட்டுலயே வெட்டித் தரேன் சார்!"

லாக்கப் திறந்தது. மாப்பிள்ளை கும்பிட்டபடி வந்தான். வாசலில் மைக்குகள் முட்டி மோத, இன்ஸ்பெக்டர் அவன் கையைக் குலுக்கினார். தோளிலும் தட்டினார்.

"தைரியமா போப்பா. நான் இருக்கேன்."

ஃபிளாஷ்கள் மின்னின. யாரையும் நம்பாத மனுஷன், முதல்தடவையாக ஒருவனை நம்பி, அதையும் ஊரறிய நம்பினார்.

அடுத்த நிமிடம் ஜீப் அந்த டிவி அலுவலகத்தை நோக்கிப் பறந்தது. 'டம் டம்' போட்டவனை ஒரு கை பார்த்தே ஆகவேண்டும்!

எடிட்டர் குளிரூட்டிய சிறிய அறையில், காதில் ஹெட்ஃபோனோடு தலையாட்டிக்கொண்டிருந்தான். இன்ஸ்பெக்டர் ஹெட்ஃபோனைப் பிடுங்கினார்.

"நீதான் டம் டம்மா?"

"சா... சார்?"

"ஒருத்தன் கை நீட்டினா அது கொலையா, ஒத்தாசையான்னு நீ எப்படிய்யா முடிவு பண்ணுவ?"

"நான் எதையும் முடிவு பண்ணல சார். கை நீட்டுற எடத்துல டம்முனு மியூசிக்ல ஒரு அடி போட்டா நல்லா எடுக்கும். அவ்வளவுதான் சார்."

"கடைக் கேமரா பதிவாகுற பொட்டி எங்க? நாங்க கேட்டா கேமரா மாட்டின மெக்கானிக்கிட்ட இருக்குங்கறீங்க. அவன்கிட்ட கேட்டா டிவிக்காரன்கிட்டங்கறான். எங்க கையில இருக்கறது நீங்க அனுப்பின காப்பிதான்!"

"இங்கதான் சார் இருக்கு. போலீஸ் வர்றதுக்கு முன்னாடியே எங்க நிருபர் மெக்கானிக்கைப் பிடிச்சு வாங்கிட்டாரு." எடிட்டர் மேஜைக்கடியிலிருந்து கறுப்புப் பெட்டியை எடுத்தான். "ஒரிஜினல் வேஸ்ட் சார். ஒரே இரைச்சல்."

இன்ஸ்பெக்டரின் கை அப்படியே நின்றது.

"என்ன இரைச்சல்? அது ஊமைக் கேமராதானே?"

"இல்ல சார், மைக் இருக்கு. பழைய ஊமைக் கேமராவை எடுத்துட்டுப் பெரியவரு புதுசா வாங்கி மாட்டினதாம். யாரோ ஏதோ பேசிட்டே இருக்காங்க. மியூசிக்குக்கு இடைஞ்சலா இருந்துச்சு. சத்தத்தை எடுத்துட்டோம்."

"எங்களுக்கு அனுப்பினதுலயும்?"

"அதுவும் எடுத்ததுதான் சார்."

"என்ன பேசுறாங்கன்னு நீ கேட்டியா?"

"கேட்டுட்டு உக்காந்திருந்தா மத்த சேனல்காரன் போட்டுடுவான் சார்!"

இன்ஸ்பெக்டர் வாயில் வந்ததை விழுங்கினார். "போடு. உள்ளது உள்ளபடி போடு."

எடிட்டர் தட்டினான்.

முதலில் கரகரப்பு. பிறகு, மாப்பிள்ளையின் குரல். தேன் தடவிய குரல்!

"நீங்க பெட்டியை மட்டும் பாருங்க மாமா. படியை நான் பாத்துச் சொல்றேன்."

"எனக்குக் கீழ ஒண்ணும் தெரியல மாப்ள..."

"நான்தான் இருக்கேன்ல? ஒரு படி எறங்குங்க. ம்... இன்னொண்ணு. இன்னொண்ணு..."

"இங்க படி இருக்கா? காலுக்குத் தட்டுப்படலையே?"

"இருக்கு மாமா. பயப்படாம முழு பாரத்தையும் போட்டு வைங்க."

ஓர் அலறல். கடகடவென்று உருளும் ஓசை. நீளும் கை.

பிறகு அமைதி.

படம் ஓடிக்கொண்டே இருந்தது. கேமராவுக்குத் தெரியாத மூலையிலிருந்து இன்னொரு குரல். பெண் குரல். இன்ஸ்பெக்டரின் காலில் விழப்போன அதே குரல்!

"ஆச்சா?"

"ஆச்சு. கேமராவுக்காகக் கையை நீட்டி வெச்சிருக்கேன்."

"பேந்த படியைப் பழையபடி வெச்சிடலாமா?"

"வேண்டாம். அதுவா கழண்ட மாதிரி கெடக்கட்டும்."

"இனிமே அந்தப் பொம்பளை நம்ம வீட்டுப் படி ஏற மாட்டாள்ல... நான் அழ ஆரம்பிக்கட்டுமா?"

"இரு. அசையுறாரான்னு பாத்துட்டுச் சொல்றேன்."

இன்ஸ்பெக்டர் நாற்காலியில் உட்கார்ந்தார். உட்கார்ந்தார் என்பதைவிட விழுந்தார் என்பதே சரி.

"கையால தள்ளலய்யா..." அவர் திரையைக் காட்டினார். "வாயால தள்ளியிருக்கான்! சத்தத்தை நிறுத்தினா உண்மை தெரியும்னு நெனச்சேன். உண்மையே அந்தச் சத்தத்துலதான்யா இருந்திருக்கு!"

சத்தத்தை நிறுத்தச் சொன்னவள் அவள். நிறுத்தியவர் இவர். டம் டம்முக்கு மயங்கியவர்களைத் திட்டித் தீர்த்தவர், அந்த நிசப்தத்துக்கு மயங்கிவிட்டார்!

செல்போனை எடுத்து ஏட்டைக் கூப்பிட்டார். "அந்த ரெண்டு பேரும் எங்கய்யா?"

"நம்ம ஸ்டேஷன் வாசல்லதான் சார். உங்களை மாதிரி நேர்மையான அதிகாரியைப் பாத்ததே இல்லைன்னு பேட்டி குடுத்துட்டிருக்காங்க."

"பேட்டி முடியறதுக்குள்ள விலங்கு மாட்டு!"

"யாருக்கு சார்?"

"எனக்கா மாட்டச் சொல்வேன்? புருஷன், பொண்டாட்டி ரெண்டு பேருக்கும்யா! மைக்கு முன்னாடியே மாட்டு!"

ஃபோனை வைத்தார். தலையிலிருந்த தொப்பியைக் கழற்றி ஒருமுறை பார்த்தார். மேலதிகாரியின் மேஜை கண்ணில் ஆடியது. எடிட்டரின் முகத்திலோ சிரிப்பு மெல்ல விரிந்தது.

"அப்ப... எங்க மியூசிக் சரியாத்தான் சார் இருந்திருக்கு!"

இன்ஸ்பெக்டர் அவனைச் சுட்டெரிப்பதுபோல் பார்த்தார். எரிச்சலிலேயே பெரிய எரிச்சல், ஒரு முட்டாள் சரியாகச் சொல்லிவிடுவதுதான்.

"சார், இந்த ஒரிஜினல் சத்தத்தோட இப்பவே போட்டுடறோம். கூடவே நீங்க அவனை விடுதலை பண்ணின காட்சியும் வரும்..." எடிட்டர் ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டே கேட்டான். "அதுக்கு எந்த மியூசிக் சார் போடறது?"

இன்ஸ்பெக்டர் தொப்பியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு கதவைத் திறந்தார்.

"சர்க்கஸ்ல கோமாளி உள்ள வர்றப்ப வாசிப்பாங்களே... அதைப் போடு!"