களவு போன சிவப்புச் செருப்பு

சனிக்கிழமை, காலை 11.05. கொழும்பு, வெள்ளவத்தை.

துணிக்கடை மாடிப்படியில் நிரோஷா வெறுங்காலோடு நின்றாள். படியில் கழற்றி வைத்த செருப்பைக் காணவில்லை. மூன்றாவது வாரமாக இதே கதை.

"இனி ஏலாது! என்ர கடைக்கு மேல களவெண்டால் யார் துணி வாங்க வருவினம்? அறைத் திறப்பைத் தாங்கோ டொக்டர்," என்று கத்தினார் கடை முதலாளி முத்துலிங்கம்.

உளவியலாளர் ஷபீகா அறைச் சாவியைக் கொடுத்தாள். மனப் பாரத்தோடு வருகிறவர்களுக்காகச் சனிதோறும் அவள் இலவசமாக உட்காரும் அறை அது. பெயர்ப்பலகை கிடையாது. இதுவும் போனால் இந்தச் சனங்கள் எங்கே போய் அழுவது?

களவைக் கண்டுபிடிக்கக் கொட்டாஞ்சேனையிலிருந்து அவள் வரச்சொன்ன மாமா ஹபீஸ், ஓய்வுபெற்ற பொலிஸ் சார்ஜன்ட், வீதி நெரிசலைத் திட்டிக்கொண்டே அப்போதுதான் வந்து இறங்கினார். வந்தவர் படியைப் பார்த்தார். புத்தம்புதுத் தோல் சப்பாத்து ஒரு சோடி அங்கேயே கிடந்தது.

"நல்ல கள்ளன்! இதை விட்டிட்டுப் பழசைத் தூக்கியிருக்கிறான். மேல யார் ஏறினது முதலாளி?"

"வெளியாள் ஒருத்தருமில்லை. மயிலம்மாதான் கொஞ்சம் படியில இருந்திட்டுப் போனா. இந்தப் பிள்ளையின்ர மாமி, புருஷனைப் பெத்தவ."

"கையில?"

"சந்தைப் பை. பிள்ளையைத் தூக்கின மாதிரி நெஞ்சோட அணைச்சுக்கொண்டு வீட்டுப் பக்கம் போனா. பாவம், வயசு போன மனுசி."

ஹபீஸ் நிரோஷாவிடம் திரும்பினார்.

"என்ன செருப்பு மகள்?"

"சிவப்பு. வார் அறுந்து கறுப்பு நூலால தைச்சது."

"போன கிழமை போனது?"

ஷபீகாதான் சொன்னாள்: "அதுவும் சிவப்புத்தான் மாமா. கறுப்பு நூல்..." சொல்லிக்கொண்டிருந்தவள் திகைத்து நிறுத்தினாள்.

"பார்த்தீங்களா! மூண்டு சோடி இல்ல, ஒரே சோடி. போன செருப்பு எங்க கிடைச்சது மகள்?"

நிரோஷா உடைந்துபோய் அழுதாள். "எங்கட வீட்டு வாசல்ல. மாமி கண்டுபிடிச்சிட்டா. இஞ்ச வராதே எண்டு எச்சரிக்கிறா. பிள்ளை செத்துப் பிறந்ததில இருந்து எனக்கு நித்திரையே இல்லை. இஞ்ச வந்தாத்தான் மூச்சு விட ஏலும். பைத்தியக்காரர் போற இடத்துக்குப் போனால் தாய் வீட்டுக்கே போயிடு எண்டு என்ர புருஷன் சொல்லியிருக்கிறார். இண்டைக்குத்தான் நான் கடைசியா வந்தது."

"புருஷன் இந்த நேரம் வீட்ட வருவாரா?"

"பத்தரைக்குத் தேத்தண்ணிக்கு வருவார்."

"எங்க போனனீ எண்டு கேட்டாரா?"

"இல்லை. பகலெல்லாம் என்ன நித்திரை எண்டு பின்னேரம் ஏசுவார்."

"நீங்க நித்திரை எண்டு அவருக்கு யார் சொன்னது?"

நிரோஷா அழுகையை நிறுத்தி அவரைப் பார்த்தாள்.

"வாசல்ல செருப்புக் கிடந்தா ஆள் உள்ள," என்றார் ஹபீஸ். "உங்களைத் தடுக்கிறதெண்டால் மகனிட்ட ஒரு சொல்லுச் சொன்னாப் போதும். அவ சொல்லேல்ல. மகன் வாற நேரம் பார்த்துச் செருப்பைக் கொண்டுபோய் வாசல்ல வச்சிருக்கிறா. சந்தையால வாற ஆக்கள் பையைத் தொங்கப்போட்டுக்கொண்டு வருவாங்க, ஒளிச்சுக்கொண்டு போறவதான் நெஞ்சோட அணைப்பா. எடுத்தது உங்கட மாமிதான். அது எச்சரிக்கை இல்ல மகள், காவல்."

கீழே காலடிச் சத்தம். மயிலம்மா மூச்சு வாங்க ஏறி வந்தாள்.

"அவன் தேத்தண்ணி குடிச்சிட்டுப் போயிட்டான். உன்னைக் காணேல்ல எண்டு பயந்துபோனன்," என்றபடி பையிலிருந்து சிவப்புச் செருப்பை எடுத்துக் குனிந்து மருமகளின் காலடியில் வைத்தாள்.

"ஐயோ மாமி, ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே!"

"எப்பிடிச் சொல்ல? எனக்கும் ரெண்டு பிள்ளை பிறந்த கையோட போச்சுது. அழக்கூட விடேல்ல. நீயாவது அழவேணும் எண்டுதான்."

முத்துலிங்கம் சாவியை ஷபீகாவின் கையிலேயே திருப்பி வைத்தார்.

"நீங்களும் உள்ள வாங்கோ அம்மா," என்றாள் ஷபீகா.

மயிலம்மா வாசலில் தயங்கி நின்றாள். பிறகு தன் செருப்பைக் கழற்றினாள். ஹபீஸ் அதை உள்ளே எடுத்து வைக்கக் குனிந்தார்.

"எடுக்காதீங்கோ ஐயா," என்றாள் அவள். "அது தெருவுக்குத் தெரியிற மாதிரிக் கிடக்கட்டும். என்ர மகன் வந்து பார்க்கட்டும்."