சனிக்குப் போட்ட முட்டை

காலை மணி அடித்ததும் பொற்கொடி டீச்சர் வகுப்பைச் சுற்றி வந்து, ஒவ்வொரு பிள்ளையின் இடுப்பு வாரையும் பெஞ்சோடு சேர்த்து மாட்டினாள். ரியாவில் எல்லாப் பள்ளிகளிலும் அதுதான் முதல் வேலை. சனிக்கிரகத்தைச் சுற்றும் அந்தப் பனி நிலவில் ஈர்ப்பு அத்தனை சொற்பம். ஐந்தாம் வகுப்பு மொத்தமாகச் சிரித்தால் பாதிப் பேர் கூரையில் முட்டிக்கொண்டுதான் திரும்புவார்கள். வேடிக்கையான பாடங்களுக்கு இரட்டை வார் மாட்ட வேண்டும் என்பது பள்ளி விதி. சூரியக் குடும்பம் பாடத்துக்கு ஒற்றை வாரே தாராளம்.

அன்று அந்தப் பாடத்தின் தேர்வு முடிவு வரும் நாள். திருத்தி உருண்டு வந்தது. பூமியின் தேர்வு வாரியம் அனுப்பிவைத்த இயந்திரம் அது. சோற்றுப்பானைக்குச் சக்கரம் வைத்தது போல இருக்கும். விடைத்தாளை வாயில் வாங்கி, கொஞ்ச நேரம் மென்று, மதிப்பெண் போட்டுத் துப்பும். எல்லாத் தாளையும் துப்பியது. யாழ்மொழியின் தாளை மட்டும் இரண்டு முறை மென்றது.

'சனிக்கிரகத்தை வரைக' என்ற கேள்விக்கு அவளுக்கு முட்டை.

பொற்கொடி தாளை எடுத்துப் பார்த்தாள். கடலைமாவு நிறத்தில் பெரிய வட்டம். அதன் நடுவே, வட்டத்துக்கு இருபுறமும் வெளியே நீண்டு, மயிரிழை போல ஒரு கோடு. அவ்வளவுதான்.

"வளையம் காணப்படவில்லை," என்றது திருத்தி. "முக்கிய உறுப்பு விடுபட்டுள்ளது."

"இந்தக் கோடுதான் டீச்சர் வளையம்," என்றாள் யாழ்மொழி. "வேணும்னா அங்க பாருங்க."

அவள் கை காட்டியது ஜன்னலை. ஜன்னலுக்கு வெளியே, நீட்டிய கையின் விரித்த விரல்கள் அகலத்துக்கு, சனி நின்றுகொண்டிருந்தது. ரியா எப்போதும் ஒரே முகத்தைத்தான் சனிக்குக் காட்டும். அதனால் அங்கே சனி உதிப்பதும் இல்லை, மறைவதும் இல்லை; மாட்டிவைத்த கடிகாரம் போல அதே இடத்தில் இருக்கும். வளையங்கள் சுற்றும் அதே தளத்தில்தான் ரியாவும் சுற்றுகிறது. தோசைக்கல்லைக் கண்மட்டத்துக்குத் தூக்கி விளிம்பைப் பார்த்தால் எப்படித் தெரியுமோ, வளையம் அங்கே அப்படித்தான் தெரியும். ஒரு கோடு.

பொற்கொடிக்குச் சுருக்கென்றது. இத்தனை வருடமாகப் புத்தகத்தில் உள்ள, அகல வளையத்தைத் தொப்பி போலப் போட்ட சனியைத்தான் அவளும் கரும்பலகையில் வரைந்திருக்கிறாள், அந்த ஜன்னலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு.

மத்தியானமே யாழ்மொழியின் அப்பா செங்கோடன் வந்துவிட்டார். திருச்செங்கோட்டிலிருந்து போர்வெல் வண்டியோடு ரியாவுக்கு வந்த பரம்பரை. பனிக்குள் குழாய் இறக்குகிற வேலை. மகளுக்கோ நிலவுக்கு நிலவு ஓடம் ஓட்ட வேண்டும் என்று ஒரே பிடிவாதம். இந்தக் கேள்வியின் மதிப்பெண் போனால் ஓடப் பயிற்சியில் இடம் கிடையாது. அவள் காலையிலிருந்து சாப்பிடவில்லை.

"ஏனுங்க டீச்சர், என்ற புள்ள தொட்டில்ல கெடந்த காலத்துல இருந்து அதையேதான் பாத்துட்டுக் கெடக்குது. சனி எப்படி இருக்கும்னு அதுக்கே தெரியாதுங்களா?"

"அவ வரைஞ்சது சரிதாங்க."

"சரியா எதுக்குங்க வரையோணும்? பொஸ்தகத்துல இருக்கறாப்ல வரைஞ்சிருந்தா மார்க்கு வந்திருக்குமல்லங்க."

பொற்கொடி விடவில்லை. வாரியத்துக்கு மேல்முறையீடு அனுப்பினாள். கேள்வி பூமிக்குப் போய்ப் பதில் வர ஒரு காலைப்பொழுது ஆகும். வாரியம் யோசிக்க ஒரு மாதம் ஆனது. கடைசியில், டைட்டன் நிலவில் இருக்கும் வட்டாரத் தேர்வு அதிகாரி நேரில் வந்து விசாரிப்பார் என்று பதில் வந்தது.

அதிகாரி பேரின்பநாதன் வந்தார். சூரியக் குடும்பம் பாடத்துக்குக் கேள்வித்தாள் தயாரிப்பவரே அவர்தான். விறைப்பாக வகுப்புக்குள் நுழைந்தவர், ஜன்னலைப் பார்த்ததும் நின்றுவிட்டார்.

"அது என்னம்மா?"

"சனி, சார்."

டைட்டனில் வானம் முழுக்க ஆரஞ்சு நிறப் புகைமூட்டம். அங்கே பிறந்து வளர்ந்தவர்கள் சனியைக் கண்ணால் கண்டதில்லை. அவரை ஏற்றிவந்த கப்பலிலும் பயணிகளுக்கு ஜன்னல் கிடையாது. பேரின்பநாதன் கண்ணாடியில் நெற்றி படும்படி ஒட்டிக்கொண்டு நின்றார். வட்டத்தின்மேல் வளையத்தின் நிழல் பட்டை பட்டையாகப் படிந்திருந்தது. நடுவே அந்தக் கோடு கத்திமுனை போல மின்னியது. அவருக்குக் கண் கலங்கியது. ரியாவில் கண்ணீர் லேசில் வழியாது. இமையிலேயே குண்டாகத் திரண்டு நிற்கும். அவர் அதைத் துடைக்காமல் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"கோடுதான்," என்றார் மெதுவாக.

"ஆமா சார், கோடுதான்." ஜெயித்துவிட்டோம் என்று பொற்கொடி நினைத்தாள்.

பேரின்பநாதன் மூக்கை உறிஞ்சிக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்து வாரை மாட்டினார். "விடைக்குறிப்ப மாத்தணும்னா பூமியில கமிட்டி கூடணும்மா. அவங்க இருக்கற எடத்துல இருந்து பாத்தா வளையம் நல்லாத் தெரியுது. நான் வெறும் கோடுதான்னு எழுதினா, மொதல்ல என் கண்ண டெஸ்ட் பண்ணச் சொல்வாங்க. பொண்ணுக்கு மறுதேர்வு வச்சிரலாம். ஆனா, இந்த ஜன்னல் பிள்ளைங்கள ரொம்பக் குழப்புது. அத மூடிடுங்க."

அப்படித்தான் நடந்தது. செங்கோடனே ஆள் கூட்டிவந்து, பாடப்புத்தகச் சனியைப் பெரிதாக அச்சடித்து ஜன்னல்மேல் ஒட்டினார். அகலமான வளையம், சாய்ந்த தொப்பி போல.

அதிகாரி ஊர் திரும்புவதற்குள் நடந்த மறுதேர்வில் யாழ்மொழி பென்சிலைப் பிடித்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தாள். பொற்கொடி அருகில் போய்க் குனிந்தாள். யாழ்மொழி ஜன்னல் படத்தைக் காட்டினாள்.

"இது எந்த ஊர் சனி டீச்சர்?"

"பூமியில இருந்து பாக்கற சனி."

"அவங்க பாக்கறத நாம எதுக்கு வரையணும்?"

பொற்கொடி தாளை அவள் பக்கம் நகர்த்தினாள். "ஓடம் ஓட்டணும்ல கண்ணு. வரைஞ்சிரு," என்றாள். சொன்ன பிறகு வாயெல்லாம் கசந்தது.

யாழ்மொழி வரைந்தாள். திருத்தி ஒரே கடியில் மென்று, முழு மதிப்பெண் போட்டு, வாழ்த்துப் பாட்டும் பாடியது. செங்கோடன் மைசூர்பாகு கொடுத்தார். பெற்றோர் சங்கம் அன்றைக்கே கூடி, படத்தைப் பிரிக்கவே வேண்டாம் என்று முடிவெடுத்தது. வீட்டு ஜன்னலுக்கும் ஒன்று கிடைக்குமா என்று நாலைந்து பேர் விசாரித்தார்கள்.

புறப்படும் நேரத்தில் பேரின்பநாதன் தயங்கி நின்றார். பிறகு கேமராவைப் பொற்கொடியிடம் நீட்டினார்.

"சனியோட ஒரு போட்டோ எடுத்துக்கறேம்மா. எங்க வீட்டுப் பசங்க பாத்ததே இல்ல."

பொற்கொடிக்கு முகம் மலர்ந்தது. மனுஷன் மறக்கவில்லை. ஓடிப்போய் ஜன்னலில் ஒட்டியிருந்த படத்தின் ஓரத்தை நகத்தால் நெம்பினாள்.

"அய்யய்ய, அத ஏம்மா பிரிக்கறீங்க," என்று தடுத்தார் அவர். "வெறும் கோட்டக் கொண்டுபோய்க் காட்டினா, நான் சனிக்கே போகலைன்னு சொல்லிருவாங்க."

காகித வளையத்தின்மேல் கைபோட்டு, வயிற்றை உள்ளே இழுத்துக்கொண்டு நின்றார்.

"வளையம் முழுசா விழுதாம்மா?"

விழுந்தது.