வடுநீக்கி வாசல்

படம் முடிந்ததும் இருநூறு பேரும் வடுநீக்கி வாசலில் வரிசை கட்டினார்கள். திரையில் பார்த்த அடி, ரத்தம், ஓலம் எதுவும் யார் வீட்டுக்கும் போகக் கூடாது என்பது சட்டம். வாசலுக்குள் மூன்று விநாடி நின்றால் போதும், அன்றைய படத்தின் வன்முறை தலையிலிருந்து கழன்றுவிடும். பச்சை விளக்கு எரியும். வெளியே வந்தவன் "படம் சூப்பர்!" என்பான். என்ன கதை என்று கேட்டால் திருதிருவென்று முழிப்பான்.

லூர்துமேரிக்கு மட்டும் சனிக்கிழமைதோறும் சிவப்பு. பார்ப்பவரின் சொந்த வாழ்க்கையில் நடந்ததோடு ஒரு காட்சி ஒட்டிக்கொண்டால் வடுநீக்கி அதில் கை வைக்காது. சொந்த நினைவைத் தொட அதற்கு அனுமதி கிடையாது. அவள் தம்பி அமலதாஸை முப்பத்தோரு வருஷத்துக்கு முன்னால் விசாரணை என்று சொல்லிப் போலீஸ் கூட்டிப்போனது. மறுநாள் பிணமாகக் கொடுத்தது. உள்ளே என்ன நடந்தது என்று இன்றுவரை ஒருத்தனும் வாய் திறக்கவில்லை. அதைத் தெரிந்துகொள்ளாமல் சாக மாட்டேன் என்று இருந்தாள்.

அதனால்தான் சனிக்கிழமைகளில் அங்கே ஓடும் ஸ்பானிஷ் படங்கள்மேல் அவளுக்கு அப்படி ஒரு நன்றி. "நம்ம படத்துல அடி விழுந்தா அடுத்தது பாட்டு. அவங்க படம், அடி விழுந்து முப்பது வருஷம் கழிச்சுத்தான் ஆரம்பிக்குது" என்பாள். எங்கோ சிலியிலும் கொலம்பியாவிலும் இருப்பவர்கள் அவள் வீட்டுக் கதையை உட்கார்ந்து பொறுமையாக எடுத்திருக்கிறார்களே! மகராசர்கள், நன்றாக இருக்கட்டும்.

அன்று உருகுவே படம். அவளுக்கு வழக்கம்போலச் சிவப்பு. நீங்காத காட்சியை வாசலின் சிறு திரை காட்டியது: சிறைக்கு வெளியே ஓர் அக்கா காத்து நிற்கிறாள். தெரிந்த சங்கதிதானே என்று லூர்துமேரி நகர்ந்தாள்.

அடுத்து நின்ற பெரியவருக்கும் சிவப்பு. அட, துணைக்கு ஓர் ஆள்! ஆசையாகத் திரும்பிப் பார்த்தாள். அவருடைய திரையில் சிறைக்குள் ஒருவனைப் போட்டு அடித்துக்கொண்டிருந்தார்கள்.

"உள்ள அடி வாங்கினீங்களாய்யா?" என்று பரிவோடு கேட்டாள்.

"இல்லம்மா. போலீஸ்ல இருந்தேன். வைரக்கண்ணுன்னு பேரு. இந்தத் தியேட்டருக்குப் பின்னாடி இருக்கிற ஸ்டேஷன்தான்." அவர் குரல் உள்ளே போயிற்று. "ஒரு பையன் செத்துட்டான். நான் அடிக்கல. கதவைப் பிடிச்சிக்கிட்டு நின்னேன். ஆறு வாரமா வேற வேற நாள்ல வர்றேன். படத்தோட சேத்து அதையும் இந்த மெஷின் துடைச்சிரும்னு நெனச்சேன்."

அமலதாஸைக் கூட்டிப்போனதும் அதே ஸ்டேஷன்தான்.

"பையன் பேரு?"

"அமலதாஸ்."

"நான் அவன் அக்கா" என்றாள். "ஒண்ணு விடாமச் சொல்லுங்க."

அவர் தலை குனிந்தபடி, அடித்தவர்களின் பெயர் உட்பட எல்லாம் சொன்னார். கோர்ட்டிலும் சொல்வதாகச் சொன்னார். மறக்கடிக்க வைத்த இயந்திரம் ஒரு சாட்சியைப் பிடித்துக் கொடுத்துவிட்டது.

கடைசியாக அவள் ஒன்றே ஒன்று கேட்டாள். "தண்ணி கேட்டானா?"

"கேட்டான். அவங்க போனப்புறம் குடுத்தேன்."

"குடிச்சானா?"

"ரெண்டு டம்ளர் குடிச்சான்மா."

லூர்துமேரி அவர் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். "ரொம்ப நன்றிங்கய்யா" என்றாள். சொன்ன பிறகுதான் அது அன்று கதவைப் பிடித்த கை என்று உறைத்தது. கையை விட்டாள். சொன்ன நன்றியை மட்டும் திருப்பி எடுத்துக்கொள்ளவில்லை.