மில் சுவரில் காணாமல் போன முகம்

காலை ஏழு மணி. பூட்டிக் கிடந்த மில்லின் மதில் வெள்ளைவெளேரென்று நின்றது. மில்லை மூடாதே என்று போராடிய பெண்களின் படம் ஒரே ராத்திரியில் மாயம். கைமுஷ்டியை உயர்த்தி முன்னால் நின்ற தலைவியையும் காணோம்.

புகாரை விசாரிக்க வந்த இன்ஸ்பெக்டரம்மா மதிலையே பார்த்தார். சின்ன வயதில் பள்ளிக்கூடம் போகும்போதெல்லாம் படத்திலிருந்த அந்தத் தலைவிக்குக் கையாட்டிவிட்டுப் போனவர் அவர். அதெல்லாம் ஒரு காலம்!

"இவன் வேலைதாம்மா!" புகார் கொடுத்த மில்காரக்கா, கான்ட்ராக்டரைக் கைகாட்டினாள். படத்தை வரைந்த பெரியவர், பெயின்டர், பக்கத்தில் நின்றார்.

"நல்லா இருக்கே! படத்தை மெஷின் வெச்சுச் சுரண்டச் சொல்லி நகராட்சி ஆர்டரே என்கிட்ட இருக்கு. இன்னிக்கு வேலை. நான் எதுக்குத் திருட்டுத்தனமா வெள்ளை அடிக்கணும்?"

"இனி சுரண்டுவீங்களா?" இன்ஸ்பெக்டர் கேட்டார்.

"படமே இல்ல, எதைச் சுரண்ட? ஆளை விடுங்க." கான்ட்ராக்டர் பைக்கை உதைத்துக் கிளம்பிவிட்டார்.

இன்ஸ்பெக்டர் சுவரைத் தடவினார். உள்ளங்கை முழுக்க வெள்ளைப் பொடி. பிரஷ் தடம் எங்கும் மேலும் கீழுமாக நேராக ஓடியது. ஒரே ஓர் இடத்தில் மட்டும் வளைந்திருந்தது.

"பெயின்டரய்யா, நீங்கதானே?"

"என்னம்மா பேச்சு இது!" அக்கா சீறினாள். "படத்துல முன்னால நின்னது இவரு பொண்டாட்டி. அவ போனப்புறம் ஒரு போட்டோகூட இல்லாம இந்தச் சுவரைப் பார்த்துத்தான் மனுஷன் உசிரோட இருக்காரு!"

"அதனாலதான்க்கா. வெள்ளையடிக்கிறவங்க பசை கலப்பாங்க. இது வெறும் சாக்பீஸ் பொடி, ஈரத்துணி பட்டாலே போயிடும். அழிக்கணும்னு வந்தவன் இதையா அடிப்பான்? அப்புறம், இங்க பாருங்க. நெத்தி, கன்னம், தாடைன்னு பிரஷ் வளைஞ்சு போயிருக்கு. வரைஞ்ச கைக்கு அந்த முகத்துல குறுக்கே இழுக்க மனசு வரலை."

பெயின்டரின் கண் நிறைந்தது. "சுரண்டிட்டா செங்கல்தாம்மா மிஞ்சும். மூடி வெச்சா, நல்ல காலம் வந்ததும் திறந்துக்கலாம்னு..."

"என்கிட்ட சொல்லித் தொலைச்சா என்னவாம்?" என்றாள் அக்கா.

"உன்கிட்ட சொன்னா ஊருக்கே சொன்ன மாதிரிதானே!"

அக்காவுக்கு அழுகையோடு சிரிப்பும் வந்தது. "புகாரைக் கிழிச்சுப் போடுங்கம்மா" என்றாள்.

"கிழிச்சிடலாம். அதுக்கு முன்னாடி, ஒரு தடவை..." இன்ஸ்பெக்டர் கைக்குட்டையை நனைத்து நீட்டினார்.

பெயின்டர் மெல்லத் துடைத்தார். ஒரு கண் தெரிந்தது, அதே முறைப்போடு. பிறகு அவர் பிரஷை எடுத்தார்.

"கொஞ்ச நாள் பொறுத்துக்க புள்ள," என்று சொல்லிவிட்டு, அந்தக் கண்ணைத் தன் கையாலேயே மூடினார்.