மழையில்லா நாளில் ஓடிய கான்

"ஐயோ... பொணம்!"

நமுனுகுலத் தேயிலைத் தோட்டத்தில், மழைத்தண்ணீர் ஓட வெட்டிய கானுக்குள் இரண்டு கால்கள் நீட்டிக்கொண்டிருந்தன.

தண்ணீரைச் சோதிக்கப் பதுளையிலிருந்து வந்திருந்த ஷுக்ரி! மண்டை பிளந்திருந்தது. பக்கத்தில், கான் வெட்டும் லிங்கத்தின் மம்பட்டி.

போதாதா? பெரிய கங்காணி மயில்வாகனம் கை காட்டினார். போலீஸ் ஸார்ஜன் ஸலீம் லிங்கத்துக்கு விலங்கு மாட்டினார்.

"தூக்குத்தான்டா உனக்கு!" என்றார் கங்காணி.

லிங்கத்தின் மனைவி அங்கம்மாவுக்கு அழக்கூட மூச்சு விட முடியவில்லை. அப்படியொரு நாற்றம்!

இருபது நாளாய் மழை இல்லை. கானில் மட்டும் ஈரம் எப்படி? பிணத்தின் தலைமுடியில்... பீனாயில் வாடை!

கூலிகள் குடியிருக்கும் லயத்தில் கஞ்சிக்கே உப்பில்லை. பீனாயில் இருப்பது ஒரே வீட்டில். இங்கிலீஷ் கக்கூஸ் கட்டி, ஊரைக் கூட்டிக் காட்டிய கங்காணி வீட்டில்!

கக்கூஸைக் காட்டினார். அதன் கழிவு எங்கே போகிறதென்று காட்டினாரா?

கான் ஓடையில் விழுகிறது. லயமே குடிப்பது அந்த ஓடையைத்தான். போன மாதம் வயிற்றோட்டத்தில் போன மூன்று பிள்ளைகள்... அவர்களுக்கும் அவள்தானே மொண்டு கொடுத்தாள்?

எழுந்து போனாள். ஒரு செம்போடு திரும்பினாள்.

"தாகமா இருப்பீங்க. ஓடைத் தண்ணிங்க. மொதல்ல கங்காணி ஐயா குடிங்க."

"உன் கையால நானா? தள்ளிப் போடி!"

"ஏங்க, ஓடை சுத்தமில்லீங்களா?"

"சுத்தந்தான்!"

"அப்ப எனக்குக் குடும்மா." ஸலீம் செம்பை வாங்கினார். உதட்டருகே கொண்டு போனார்...

"ஐயையோ, வேணாங்க! என் கொழாய்க்குக் கீழ மொண்ட தண்ணி அது!" என்று அலறினார் கங்காணி.

ஸலீம் செம்பைக் கீழே இறக்கினார்.

"எந்தக் கொழாய்?"

கங்காணியின் கண் தேயிலைச் செடிகள் பக்கம் ஓடியது.

ஸலீம் கானோடு மேலே ஏறினார். தேயிலைச் செடிகளுக்குள் ஒளிந்து வந்து கானில் முடிந்தது ஒரு குழாய். அதன் வாயெல்லாம் ரத்தம்!

கங்காணி தரையில் உட்கார்ந்துவிட்டார்.

"கொழாயப் பாத்துட்டான்... தொரைகிட்டச் சொல்லுவேன்னான்... கானோரம் மம்பட்டி கெடந்துச்சு..."

விலங்கு கை மாறியது.

"எங்க புள்ளைங்க குடிச்சப்ப இந்த 'ஐயையோ' எங்கங்க போச்சு?" என்றாள் அங்கம்மா.

ஸலீம் முகத்தைச் சுளித்துச் செம்பைக் கவிழ்க்கப் போனார்.

"கொட்டாதீங்க! தைரியமாக் குடிங்க. அது கங்காணி வீட்டுக் கெணத்துத் தண்ணி. ஆளுதான் நாத்தம்... கெணறு தங்கமுங்க!"